முதற் கமரா

கொழும்பு மாநகரின் வடகிழக்கு எல்லையிலே, பேஸ்லைன் வீதியும் அவிசாவளைக்குச் செல்லும் வீதியும் கூடுமிடத்தில் அமைந்திருப்பது ஒருகொடவத்தை. துறைமுகத்தில் இறக்கப்படும் கொள்கலன்களுட் பல, சுங்கப் பரிசோதனையின் பொருட்டு இங்குள்ள முற்றத்துக்குக் கொண்டுவரப்படுவதை அவ்வழியாற் செல்வோர் அறிவர். பிறநாட்டுப் பண்டங்கள் பூட்டிய இரும்புப் பெட்டிகளாக இவ்வூரை நாள்தோறும் கடந்து செல்கின்றன. பெட்டிக்குள் இருப்பது யாதென்று அருகில் வாழ்வோருக்குத் தெரியாது. பின்னர் ஒருநாள் புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டியிலோ, கடைக் கண்ணாடிக்குப் பின்னால், விலைச்சீட்டுடன் அதைக் காண்கிறார்கள்.

இவ்வூரில் ஓர் இளைஞன் வாழ்கிறான் எனக் கொள்க. கொள்கலன் முற்றமொன்றிற் கணக்கெழுதுவது அவன் தொழில். தாயார் ஈராண்டுகளாகக் கட்டிவந்த சீட்டு இம்மாதம் விழுந்திருக்கிறது. அப்பணத்தில் ஒரு கமரா வாங்கவேண்டும் என்கிறான் மகன். ஞாயிற்றுக்கிழமைகளிற் கொட்டாஞ்சேனையில் நடைபெறும் பூப்புனித நீராட்டு விழாக்களையும் பிறந்தநாள் வைபவங்களையும் படமெடுத்துக் கொடுத்தால் ஓராண்டுக்குள் முதலை மீட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு. தாயாருக்கு மகன்மீது நம்பிக்கை உண்டு. கமராவின் மீதுதான் இல்லை. “தம்பி, பிழையான சாமானை வாங்கிப்போட்டால் திரும்பவும் இரண்டு வருஷம் சீட்டுக் கட்டவேணும்” என்கிறார். அவர் கூறுவது நியாயமே. இத்தகைய இல்லங்கள் கொழும்பில் ஒன்றிரண்டல்ல. ஆகவே முதன்முதலாக டிஜிட்டற் கமரா ஒன்றைத் தெரிந்தெடுப்பவர் எதை நோக்கவேண்டும், எதைப் புறக்கணிக்கலாம் என்று ஆராய்வது பயனுடையதாகும்.

படக்கலையிற் புகுவோருக்குப் பிழை என்பது ஒருகாலத்தில் எத்துணைச் செலவுடையதாயிருந்தது என்பதற்கு, இந்நாட்டு மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டிருக்கும் ஒரு மாதின் வரலாறு சான்றாகும். கல்கத்தாவிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஜூலியா மார்கரெற் கமரன் அம்மையாருக்கு 1863ஆம் ஆண்டில், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவை அன்பளிப்பாகக் கொடுத்தனர். (அம்மையாரின் பெயருக்கும் கருவியின் பெயருக்கும் உறவெதுவும் இல்லை, ஒலியொப்புமை தற்செயலே.) அக்காலத்தில் ஒரு படம் எடுப்பதாயின், கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கரைசலைப் பூசி, அது ஈரமாயிருக்கும்போதே படமெடுத்து, ஈரம் காயுமுன் கழுவியும் முடிக்கவேண்டும். தாம் எடுத்த முதற் படத்தை, ஈரத் தகட்டின்மேற் கை உரசியதனாலே தாமே அழித்துவிட்டதாக அம்மையார் எழுதிவைத்திருக்கிறார். அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. கண்ணாடித் தகடுகளுக்கும் மருந்துகளுக்கும் செலவிடக்கூடிய செல்வமும் அவருக்கு இருந்தது. 1875இற் கணவருடன் இலங்கைக்கு வந்த அவர், 1879இல் டிக்கோயாவிற் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

பின்வந்த பிலிம் சுருளின் காலத்திலும் பிழைக்கு விலை இருந்தது. சுருளொன்றுக்கு 36 படங்கள். கழுவி அச்சிட்டு வந்த பின்னரே, பத்துப் படங்கள் இருளடைந்தன என்பது தெரியவரும். எந்தப் படத்துக்கு எவ்வளவு ஒளி விட்டோம் என்பதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தவன் கற்றுக்கொண்டான். எழுதிவைக்காதவன் பணத்தை மாத்திரம் இழந்தான். கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சசன் 1975இல் அமைத்த டிஜிட்டற் கமரா, பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவிற் பதிவதற்கு 23 செக்கன் எடுத்தது. அன்று விளையாட்டுப் பொருள்போல் இருந்த அக்கருவியின் வழித்தோன்றல்கள் மாணாக்கனுக்கு இரண்டு கொடைகளைக் கொண்டுவந்தன. ஒன்று, பிழையான படத்துக்குச் செலவில்லை. மற்றொன்று, ஒவ்வொரு படத்துடனும் அப்படம் எடுக்கப்பட்ட துவார அளவு, நேர அளவு, குவியத்தூரம் ஆகியன தாமாகவே பதிவாகின்றன. இரவு வீட்டிலிருந்து அவ்வெண்களைப் பார்ப்பவன், படம் ஏன் கலங்கியது என்பதை ஆசிரியரில்லாமலே அறிந்துகொள்ளலாம். விலைகுறைந்த பழைய டிஜிட்டற் கமராவிலும் இவ்விரு கொடைகளும் குறைவின்றி உள்ளன என்பதைக் கமரா வாங்கச் செல்பவன் மறத்தலாகாது.

இங்கு எடுத்துக்கொண்டது ஒற்றைவில்லைத் தெறிப்புக் கமரா. பெயர் நீண்டதாயினும் அதன் பொருள் எளியது. வில்லையினூடாக வரும் ஒளி, உள்ளே சாய்வாக நிற்கும் ஓர் ஆடியிற் பட்டு மேல்நோக்கித் தெறித்து, ஐங்கோண அரியத்திலே திரும்பிக் கண்ணை அடைகிறது. படமெடுக்கும் வில்லை எதைக் காண்கிறதோ அதையே கண்ணும் காண்கிறது. பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலே மடங்க, திரை திறந்து, ஒளி உணரியின்மீது விழுகிறது. படமெடுக்கும்போது கேட்கும் அந்த ஓசை இதனால் எழுவதே. இவ்வகைக் கமராவில் டிஜிட்டல் முறை விலைக்கு வந்தது 1991இல். சாதாரண மாந்தர் வாங்கத்தக்க விலையில், ஆயிரம் டொலருக்குள், கெனனின் 300டி வந்தது 2003இல்.

கையடக்கத் தொலைபேசியில் இல்லாதது இதில் யாது என்று தாயார் கேட்கக்கூடும். நண்பகல் வெளிச்சத்தில், காலிமுகத்திடலில், கூறத்தக்க வேறுபாடு அதிகமில்லை என்பதே நேர்மையான விடை. கமராவின் உணரி, சாதாரணத் தொலைபேசி உணரியைப்போற் பத்து மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. வில்லையையும் தேவைக்கேற்ப மாற்றலாம். அதன் பயன் வெளிச்சம் மங்கிய இடத்திலும், ஓடியாடும் பிள்ளைகளை எடுக்கும்போதும், முகத்தைத் தெளிவாகவும் பின்புறத்தை மங்கலாகவும் காட்ட விரும்பும்போதும் தோன்றும். அவன் உழைக்க எண்ணும் வைபவங்களோ பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் மண்டபத்துக்குள்ளும் மாலைவேளையிலும் நடப்பவை.

ஆயினும் ஒரு செய்தியை மறைக்காமற் கூறவேண்டும். ஆடியுள்ள கமராவின் வளர்ச்சிக்காலம் முடிந்துவிட்டது. கெனன், நிக்கொன் ஆகிய இரு யப்பானிய நிறுவனங்களும் 2020இன் பின்னர் இவ்வகையிற் புதிய கமரா எதனையும் வெளியிடவில்லை. அவற்றின் கவனம் முழுவதும் 2018இல் தாம் தொடங்கிய ஆடியில்லாக் கமரா வரிசைகளுக்குச் சென்றுவிட்டது. பென்டக்ஸ் மாத்திரம் 2021இலும் அதன் பின்னரும் சில கமராக்களை வெளியிட்டது. அவ்வாறாயின், மறைந்துகொண்டிருக்கும் ஓர் இனத்தை விலைகொடுத்து வாங்குவது அறிவுடைமையாகுமா?

பணம் குறைந்தவனுக்கு அது அறிவுடைமையே. ஏனெனில் தொழிலாளர் பலர் புதிய வகைக்கு மாறும்போது, நல்ல நிலையிலுள்ள பழைய கமராக்கள் சந்தைக்கு வருகின்றன. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்டியது. அன்றிலிருந்து, இறக்குமதியாகும் புதுக்கமராவின் விலை மாதச் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. பற்றரி விடயத்திலும் பழைய இனம் சிக்கனமானது. நிக்கொன் டி3500 ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 1,550 படங்கள் எடுக்கும் என்பது நிறுவனக் கணிப்பு. அதே நிறுவனத்தின் ஆடியில்லாத இசட் 50 எடுப்பது 300 அளவில்தான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது சிறு செய்தியன்று.

இனிக் கமராவைத் தெரிவதற்கு முன்னர், அவன் எடுக்கப்போகும் படத்தைத் தெரியவேண்டும். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நினைத்துக்கொள்க. கல்தூண்களுக்கிடையே விளக்கொளி குறைவு. அங்கு திருமணமொன்றை, உரியவரின் அனுமதியுடன், எடுக்க நேர்கிறது எனின், கமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையான சாதாரண வில்லை தன் நீண்ட முனையில் எப் 5.6 என்ற அளவுக்கே திறக்கும். விலைகுறைந்த 50 மில்லிமீற்றர் ஒற்றைக் குவிய வில்லை எப் 1.8 வரை திறக்கும். எண் சிறிதாகத் துவாரம் பெரிதாகும் என்பதை இங்கு நினைவிற்கொள்க. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒளிவேறுபாடு ஒன்பது மடங்குக்கும் மேல். முதல் வில்லைக்குப் பத்தில் ஒரு செக்கன் தேவைப்படும் இடத்தில், இரண்டாவதற்கு ஏறத்தாழ நூறில் ஒரு செக்கன் போதும். பத்தில் ஒரு செக்கனில் தாலி கட்டும் கை கலங்கிப் போகும். நூறில் ஒரு செக்கனிற் பெரும்பாலும் தெளிவாக நிற்கும். கமராவை மாற்றுவதனால் இந்த வேறுபாட்டைப் பெறவேண்டுமாயின் பன்மடங்கு பணம் வேண்டும். வில்லையை மாற்றினாலோ அது சிறுதொகையில் முடிகிறது.

அதற்காகச் சாதாரண வில்லையை இகழ்ந்து விற்றுவிடலும் ஆகாது. ஆரம்பநிலைக் கமராக்களின் உணரி, பழைய பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. ஆதலால் 50 மில்லிமீற்றர் வில்லை, கெனன் கமராவில் 80 மில்லிமீற்றர் வில்லைபோல ஒடுங்கிய காட்சியையே தரும். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீடொன்றின் முன்னறையில், ஆரத்தித் தட்டுடன் எட்டு மாமிமார் நிற்கும்போது, படமெடுப்பவன் சுவருக்குள் புகுந்தாலன்றி எல்லோரையும் அடக்கமுடியாது. அங்கே 18 மில்லிமீற்றர் அகலமே கைகொடுக்கும். ஆடிவேல் விழாக் காலத்திற் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதிப் பக்கம் தேர் செல்லும்போதோ இரண்டும் தேவைப்படும். நிக்கொன் வாங்குபவர் 50க்குப் பதிலாக, அந்நிறுவனம் 2009இல் வெளியிட்ட 35 மில்லிமீற்றர் எப் 1.8 வில்லையைத் தேடுதல் நன்று. அது மனிதக்கண் காணும் இயல்பான காட்சிக்கு அண்மையானது, உள்ளறைக்கும் ஓரளவு பொருந்தும்.

ஆகவே சீட்டுப் பணத்தைப் பங்கிடும்போது, முதலில் இவ்விரு வில்லைகளுக்கும் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதிற் கமரா உடலைத் தேடவேண்டும். கடைகளிலோ இம்முறை தலைகீழாக நடக்கிறது. “தம்பி, இது இருபத்துநான்கு மெகாபிக்சல், உங்களுடையது பன்னிரண்டுதானே” என்று கடைக்காரர் கூறுகிறார். மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். திருமண அல்பத்தின் ஒரு பக்கம் 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் எனின், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3,600ஐ 2,400ஆற் பெருக்க வருவது 86 இலட்சத்துச் சொச்சம். 2008இல் வெளிவந்த நிக்கொன் டி90இன் பன்னிரண்டு மெகாபிக்சலே அதற்குப் போதும். பழைய உணரிகள் மங்கிய ஒளியிற் கூடுதலாகப் புள்ளிதட்டும் என்பது உண்மை. ஆனால் அது வேறு குறை, மெகாபிக்சல் எண்ணால் அளக்கப்படுவதன்று.

உடலைத் தெரிவதில் ஆரம்பத்தவரைக் கவிழ்க்கும் பொறிகள் இரண்டுண்டு. முதலாவது நிக்கொன் கமராவில். அந்நிறுவனத்தின் வில்லைப் பொருத்து 1959 முதல் மாறாமல் வருகிறது. ஆகையால் எந்தப் பழைய வில்லையும் பொருந்தும் என்று பலர் நம்புகின்றனர். பெரும்பாலும் பொருந்தும், ஆனால் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் குவியப்படுத்தும் மோட்டார் இல்லை. வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அன்புடன் அனுப்பும் பழைய வில்லையில் மோட்டார் இல்லையாயின், ஒவ்வொரு படத்துக்கும் கையாலே திருகவேண்டும். டி90இலும் டி7000 வரிசையிலும் அம்மோட்டார் உடலுக்குள்ளேயே இருக்கிறது. கெனனின் 1987க்குப் பிந்திய தானியங்கு வில்லைகள் மோட்டாரைத் தம்முள்ளேயே கொண்டவை. அங்கு இத்தொல்லை இல்லை.

அங்கு வேறு தொல்லை. 2018இல் வந்த 2000டி, 2019இல் வந்த 250டி முதலிய சில கமராக்களில், பிளாஷ் விளக்கைப் பொருத்தும் தட்டின் நடுவிலுள்ள மின்தொடுகையைக் கெனன் நீக்கிவிட்டது. அந்நிறுவனத்துக்கு உரிய பிளாஷ் வேலைசெய்யும். அந்த ஒற்றைத் தொடுகையை மாத்திரம் நம்பியிருக்கும் மலிவான பிற பிளாஷ் விளக்குகள் எரியமாட்டா. புதிதாயும் மலிவாயும் இருக்கிறதென்று அவற்றை வாங்கி, முதல் வைபவத்தன்று மண்டபத்தில் இதைக் கண்டுபிடிப்பவனின் நிலை இரங்கத்தக்கது. பொதுவாக, புதிய ஆரம்பநிலைக் கமராவைவிடச் சிறிது பழைய இடைநிலைக் கமராவே மேல். நிக்கொன் டி7100, டி7200, கெனன் 70டி, 80டி ஆகியன 2013க்கும் 2016க்கும் இடையில் வந்தவை. துவாரத்துக்கும் நேரத்துக்கும் தனித்தனிச் சக்கரங்கள் உள்ளன. பார்க்கும் துளையிலே உண்மையான கண்ணாடி அரியம் இருப்பதனாற் காட்சி தெளிவாயிருக்கும். அவை பாரமானவை என்பதே குறை. டி3500 பற்றரியுடன் 415 கிராம்; டி7200 765 கிராம். ஆறு மணிநேர வைபவத்தில் அந்த வேறுபாட்டைக் கழுத்து அறியும். எனவே கடையில் ஐந்து நிமிடமாவது கையிற் பிடித்துப் பார்க்கவேண்டும்.

கெனனா நிக்கொனா என்ற வழக்கு தேநீர்க்கடைகளில் முடிவின்றி நடைபெறுகிறது. ஒருகொடவத்தை இளைஞனுக்கு அதில் ஒரேயொரு வினாவே பொருளுடையது: அவனுக்கு அறிமுகமான ஸ்ரூடியோக்காரர் எதை வைத்திருக்கிறார்? அவசரத்துக்கு வில்லையோ பற்றரியோ இரவலாகக் கிடைப்பது அதே இனத்தைச் சார்ந்தவரிடமிருந்துதான்.

பழைய கமராவைப் பரிசோதிக்கும் முறை இனி. செல்லும்போது தனக்கென ஒரு நினைவட்டையும் ஒரு சிறு ரோச்சு விளக்கும் கொண்டுசெல்லவேண்டும். பகல்வேளையிற் செல்வது உத்தமம். கமராவின் திரை இயந்திரப் பொருள். அதற்கு ஆயுட்காலம் உண்டு. டி3500க்கு ஓர் இலட்சம் இயக்கம், டி7200க்கு ஒன்றரை இலட்சம், டி500க்கு இரண்டு இலட்சம் என நிறுவனம் சோதித்து அறிவித்திருக்கிறது. அவ்வெண்ணைத் தாண்டியதும் உடைந்துவிடும் என்பதன்று; ஆனால் ஒரு திருமணத்துக்கு 2,000 படம் எடுக்கும் தொழிலாளரின் கமரா ஐம்பது திருமணங்களில் ஓர் இலட்சத்தை எட்டிவிடும் என்பதை எண்ணிப்பார்க்கவேண்டும். நிக்கொன் கமராவில் எடுத்த படத்தின் கோப்பிலேயே அவ்வெண் பதிந்திருக்கும். தன் அட்டையில் ஒரு படம் எடுத்துக் கணினியிற் பார்த்தால் தெரிந்துவிடும். கெனனில் அதற்கெனத் தனி மென்பொருள் வேண்டும். “அதிகம் பாவிக்கவில்லை” என்னும் வாய்ச்சொல்லை எண்ணுக்குப் பதிலாக ஏற்றல் கூடாது.

அடுத்து, துவாரத்தை எப் 16க்கு ஒடுக்கி, மேகமற்ற வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பார்க்க. கரும்புள்ளிகள் தோன்றினால் உணரியில் தூசி உண்டு. அதைத் துப்புரவாக்கலாம், அஞ்சவேண்டியதில்லை. மூடியைப் போட்டவாறே முப்பது செக்கன் படமெடுத்தால், பழுதான புள்ளிகள் இருளில் நட்சத்திரம்போல் ஒளிரும். நேரச் சக்கரத்தின் எல்லா அளவுகளிலும் ஒவ்வொரு படம் எடுத்து, அவற்றின் வெளிச்சம் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று நோக்குக.

இவை யாவற்றிலும் முக்கியமானது வில்லையைப் பார்ப்பது. இந்நகரிற் பழைய வில்லை வாங்குபவருக்குப் பெரும்பகை பங்கசு. கொழும்பின் காற்றில் ஈரப்பதன் ஏறத்தாழ எண்பது வீதத்தை அண்டியே ஆண்டெல்லாம் நிற்கிறது. இருண்ட தோற்பைக்குள் மாதக்கணக்கில் மூடிவைக்கப்பட்ட வில்லையின் உட்கண்ணாடியிற் பங்கசு சிலந்திவலை நூல்போற் படரும். வெளியிலிருந்து துடைத்தால் அது போகாது. முற்றியபின் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பின்னர் கழற்றித் துடைத்தாலும் வடு மாறாது. ஆகவே வில்லையைக் கழற்றி, துவாரத்தை முழுமையாகத் திறந்து, ஒருபுறம் ரோச்சை அடித்து மறுபுறத்தாற் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கவேண்டும். சிறு தூசிகள் இருப்பின் பொருட்படுத்தவேண்டியதில்லை. நூலோ பனிமூட்டமோ தென்பட்டால், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வருவதே இலாபம். வெள்ளவத்தைக் கடலோர வீடுகளிலிருந்து வரும் கமராக்களில் உப்புக்காற்றினால் மின்தொடுகைகள் பச்சைபிடித்திருக்கின்றனவா என்றும் பார்க்கலாம்.

வாங்கி வந்த பின்னர் அழகிய தோற்பையிற் பூட்டி அலுமாரியில் வைப்பது, பங்கசுக்கு விருந்து வைப்பதாகும். காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றும், சிலிக்கா ஜெல் என்னும் ஈரமுறிஞ்சிப் பொதிகள் சிலவும், உள்ளே ஈரப்பதனைக் காட்டும் சிறு மானி ஒன்றும் போதும். மானி நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிற்கட்டும். பொதியின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி இடலாம். உப்புப் போத்தலுக்குள் நாலு அரிசி போட்டுவைக்கும் தாயாருக்கு இந்த வித்தையை எவரும் விளக்கவேண்டியதில்லை. பெட்டியை வீட்டில் உயரமான இடத்தில் வைப்பதும் அவசியம். 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகியபோது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை அயலவர் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்னுமொரு செலவையும் சீட்டுப் பணத்திலிருந்தே ஒதுக்கவேண்டும். இந்நாட்டின் படக்கலையைப் பேசுவோர் லயனல் வென்டின் பெயரைக் கூறாதிரார். 1900இற் பிறந்த அவர் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதிற் பெயர் பெற்றவர். றொலிபிளெக்ஸ், லைக்கா ஆகிய கமராக்களைக் கொண்டு, பெரும்பாலும் தாமே அச்சிட்டு, அவர் ஆக்கிய படங்கள் 1938இல் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1944இல் அவர் மறைந்தபின் அவருடைய எதிர்ப்படங்கள் அழிக்கப்பட்டன. கையால் அச்சிட்ட படங்கள் எஞ்சியிருந்தமையாலேயே 1950இல் நூல் வெளிவந்தது. இன்றும் அவரைக் காண முடிகிறது. டிஜிட்டற் கோப்பு எதிர்ப்படத்தைவிட எளிதில் அழியக்கூடியது. பிறர் வீட்டு மங்கல நாளின் படங்களை ஒரே அட்டையில் வைத்திருந்து தொலைத்தவனுக்கு, அந்நாளைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. எனவே இரண்டு அட்டைகள், இரண்டு சேமிப்புத் தட்டுகள், ஒன்று உறவினர் வீட்டில். இவற்றின் விலையையும் கமராவின் விலையாகவே கணக்கிடவேண்டும்.

இவ்வாறு பங்கிட்டால், சீட்டுப் பணத்திற் பாதியளவே கமரா உடலுக்கு எஞ்சும். கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் புதிய கமரா அத்தொகைக்கு வராது; பத்தாண்டுப் பழசொன்று வரும். இளைஞனுக்கு அது சிறிது ஏமாற்றமாயிருக்கலாம். பின்னொருநாள் ஆடியில்லாக் கமராவுக்கு மாறுவானாயின், கெனன் வில்லைகளை இணைப்பு வளையமொன்றின் உதவியால் அதிலும் தானியங்கு முறையிலேயே பயன்படுத்தலாம். நிக்கொனிலும் மோட்டாருள்ள வில்லைகளுக்கு அவ்வாறே. மோட்டாரில்லாப் பழைய வில்லைகள் மாத்திரம் அங்கும் கையாற் திருகப்படவேண்டியவை.

வாங்கிய முதல் ஞாயிறன்று வைபவமெதனையும் ஒப்புக்கொள்ளல் ஆகாது. மாலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து இறங்கினால், 2021 நவம்பரிலே திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்துக்கு ஏறும் மேம்பாலங்கள் தலைக்குமேல் வளைந்து செல்கின்றன. சுங்க முற்றத்தின் பக்கமோ கொலன்னாவை எண்ணெய்க் குதங்களின் பக்கமோ கமராவைத் திருப்பாதிருக்க. அது வீண் விசாரணையில் முடியும். தேநீர்க்கடை வாசல், பஸ் தரிப்பிடம், தூண்களுக்கிடையே பந்தடிக்கும் சிறுவர் ஆகியோரை, அவர்கள் இசைவுடன், எப் 1.8 வில்லை ஒன்றை மாத்திரம் பொருத்தி, ஒளி மங்கும்வரை இருநூறு படம் எடுக்கட்டும். இரவு அவற்றைத் தாயாருக்குப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, கலங்கியவற்றின் நேர அளவையும் தெளிந்தவற்றின் நேர அளவையும் இரு நிரல்களாக ஒரு தாளில் எழுதிவைக்கட்டும். கணக்கெழுதுவது அவனுக்குப் பழக்கமான வேலைதானே.